பல்லையாவின் பாரிஸ் தப்பு

பிரெஞ்சுக்காரர்களின் வாய்க்குள் முந்நூறு வருஷமாக என்னென்ன அக்கிரமம் நடந்தது என்பதை, பிரான்ஸில் இருப்பவர்களைவிட இலங்கை மலையகத்து நோர்வூட் பஜாரில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். அதற்கு ஒரே காரணம் பல்லையா. வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்னவோ, நான் கேட்டதில்லை. என் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பக்கத்துக் கடையில் பல் கட்டிக்கொண்டிருந்தார், அதாவது பொய்ப்பல் செய்துகொண்டிருந்தார். பல்லைப் பிடுங்க மட்டும் மாட்டார். பிடுங்கச் சொல்லிப் போகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவார். பாரிஸில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால், அங்கே பெரிய பல் டாக்டராக இருந்திருப்பார் என்று பஜாரே நம்பியது. அவரும் இல்லை என்று சொன்னதில்லை.

எனக்கு இரத்தம் என்று எழுதியிருந்தாலே மயக்கம் வரும். அது தெரிந்தும் அந்த மனிதர், நான் சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் கொப்பி எடுக்க வருவார். ஒரு மத்தியானம் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு படத்தை நீட்டினார்.

“தம்பி, இந்த ராஜாவுக்கு நாலு கொப்பி போடுங்க.”

தலை நிறையச் சுருட்டை முடியோடு ஒரு பிரெஞ்சு ராஜா. வாயை இறுக்கி மூடியிருந்தார்.

“ஏன் வாய மூடிக்கிட்டு இருக்காரு தெரியுமா? மேல் பல்லப் புடுங்குறேன்னு டாக்டருங்க தாடையையும் சேத்துப் பேத்துட்டாங்க. அண்ணத்துல ஓட்ட. குடிச்ச சூப்பு மூக்கு வழியா வந்துச்சு தம்பி!”

ரசம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“அந்த ஓட்டைய அடைக்க என்னா செஞ்சாங்க? இரும்பப் பழுக்கக் காச்சி...”

“ஐயா, நாலு கொப்பிதானே?”

“பதினாலு தடவ தம்பி! பதினாலு தடவ சூடு வெச்சாங்க!”

அன்றைக்குப் பிறகு ஆறு மாதம் நான் ரசம் தொடவில்லை. என் மனைவி வசந்தி, தன் கைப்பக்குவத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துப் புளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். அந்த ராஜாவின் அண்ணத்தைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது?

எதிர் தேத்தண்ணிக் கடையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு காலையில் பத்துப் பேர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, “நீங்க கையில வெச்சிருக்கிற கோப்பையும் பொய்ப்பல்லும் கூடப் பொறந்ததுங்க” என்றார். பாரிஸ் பக்கத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர் யானைத் தந்தத்திலும் நீர்யானைத் தந்தத்திலும் பல் செய்து போட்டுக்கொண்டிருந்த காலமாம் அது. தந்தம் ஊறி ஊறி நாற்றம் தாங்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் மருந்து வாங்க வந்தவனுக்கு வேறு வியாதி வந்துவிடும். கடைசியில் அவர் பீங்கான் கோப்பை செய்கிற பெக்டரிக்குப் போய், “எனக்கு ஒரு செட்டுப் பல்லு சுட்டுத் தாங்க” என்று கேட்டாராம். பத்துப் பேரும் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்கள். கடைக்காரர் பல்லையாவை வெளியே போகச் சொன்னார்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். நான் உண்மையிலேயே ஆடிப்போனது பல் வைத்தியத்தின் தந்தை என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்ன அன்றுதான். அவர் பல்லுக்கென்றே தடித்தடியாகப் புத்தகம் எழுதியவராம். பல்வலிக்கு அவர் சொன்ன மருந்து, அவரவர் மூத்திரத்தில் அவரவர் வாய் கொப்பளிப்பது. பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கையா, நாற்பது வருஷம் கொழுந்துக் காட்டில் கணக்கப்பிள்ளைகளையே நடுங்க வைத்த வெளிக்கள உத்தியோகத்தர், கன்னத்தில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?”

பல்லையா தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, ஒங்கள அதச் செய்யவா சொன்னேன்? இப்ப அந்தக் கருமம் எல்லாம் இல்லாம, ஊசி போட்டுச் சும்மா எடுத்து விடுறாங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்றேன்!” என்று கத்தினார். கண்டாக்கையா அடுத்த நாளே போனார். முதல் மருந்தைச் செய்து பார்த்துவிட்டுப் போனாரா என்பதை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பல்லையாவின் கடைச் சுவரில், நான்தான் லெமினேட் பண்ணிக் கொடுத்த படம் ஒன்று தொங்கியது. பாரிஸில் ஆற்றுப் பாலத்தின் மேல் பல் பிடுங்குகிற ஒருவன். பக்கத்தில் மேளக்காரன். பல்லைக் கொடுக்கிறவன் கத்துவது, காத்து நிற்கிற மற்றவர்களுக்குக் கேட்டால் ஓடிவிடுவார்களாம். அதற்குத்தான் மேளம். அந்தப் படம் என் தலையில்தான் வந்து விடியும் என்று லெமினேட் பண்ணும்போது எனக்குத் தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் என் இடது பக்கக் கடைவாய்ப்பல் குடைய ஆரம்பித்தது. கராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. வசந்தி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பிறகு கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க பஸ் ஏறிவிட்டாள். நான் கடைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, தாடையோடு சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டை இறுக்கிக் கட்டி, உள்ளே படுத்துவிட்டேன்.

பல்லையா பின்கதவால் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது.

“எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“முடியாதுங்க ஐயா.”

“ஏன்?”

பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நான் கத்துவேன். பஜார்ல எல்லாருக்கும் கேக்கும். நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?”

“அம்புட்டுதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கால் மணி நேரத்தில் என் கடை வாசலில் தப்பு மேளச் சத்தம் கிளம்பியது. பல்லையா கோயில் பக்கம் போய்த் தப்படிக்கிற மாரிமுத்துவைப் பிடித்து, “ஆஸ்பத்திரி வரைக்கும் வாங்க. ஒரு ஆளு அழுகுறது வெளிய கேக்கக் கூடாது, அந்த மாதிரி அடிங்க” என்று கூட்டிவந்திருக்கிறார். மாரிமுத்து பாவம் என்ன செய்வார்? அழுகையை அமுக்குகிற அடி என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அடித்தார்.

மலையகத்தில் அந்த அடியைக் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வருவார்கள். பட்டப்பகலில் சாத்திக் கிடக்கிற கடை, வாசலில் சாவுத் தப்பு. வேறு என்ன விளக்கம் வேண்டும்? தேத்தண்ணிக் கடை காலியானது. காய்கறிக்காரர் தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த என் அக்கா, முதுகில் கூடையோடு கீழே இறங்கி வந்து, கொழுந்தெல்லாம் ரோட்டில் சிந்த, “என்னைப் பெத்த ராசா, கல்லு மாதிரி இருந்தியேடா!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். யாரோ மாலையே வாங்கிவிட்டார்கள்.

சத்தம் பொறுக்காமல் நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

செத்தவனுக்குத் தாடையைத் துண்டால் கட்டுவது எப்படியோ, அப்படியேதான் நானும் கட்டியிருந்தேன். வீங்கிய முகம், பாதி மூடிய கண், வெள்ளைத் துண்டு. கூட்டம் ஒரே மூச்சில் பத்தடி பின்னால் போனது. மாரிமுத்துவின் குச்சி கீழே விழுந்தது. அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உசுரோடதான் இருக்கியா, எருமை?” என்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள். வீங்கின கன்னத்தில்தான்!

அந்த வலியில் நான் போட்ட சத்தம் பொகவந்தலாவை வரைக்கும் கேட்டிருக்கும்.

“பாத்தீங்களா, அடிக்கிறத ஏன் நிப்பாட்டினீங்க?” என்று பல்லையா மாரிமுத்துவைக் கோபித்துக்கொண்டார்.

வந்தது வந்துவிட்டோம் என்று கூட்டம் கலையவில்லை. முன்னால் த்ரீவீலரில் நானும் அக்காவும் பல்லையாவும், மடியில் கூடை. பின்னால் தப்போடு ஒரு லொறி நிறைய ஆட்கள். ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் ஒரு சிங்கள அம்மா. வாசலில் மாலையைப் பார்த்து அரண்டுபோய், “கவுத மெருணே?” என்றார். யார் செத்தது என்று கேட்டார்.

“தாம நே மிஸ். தத விதரய்” என்றார் பல்லையா. இன்னும் இல்லை மிஸ், பல்லு மட்டும்தான்.

ஊசி குத்தியது தெரிந்தது. சீழ் எடுத்ததும் பல் போனதும் தெரியவில்லை. நான் ஒரு சத்தமும் போடவில்லை. “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அந்த மாலை தேவைப்பட்டிருக்கும்” என்று டாக்டரம்மா சிங்களத்தில் திட்டியதுதான் உறைத்தது.

வெளியே வந்தபோது பல்லையா வராந்தாக் கோடியில் சுவரைப் பார்த்தபடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்னங்க ஐயா, நீங்க பாரிஸ்ல பாக்காத பல்லா?”

“பாரிஸ்ல நான் டாக்டர் இல்ல தம்பி. பழைய பல்லுச் சாமானெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கிற ஒரு மண்டபத்துல தரை தொடச்சேன். இந்தக் கதையெல்லாம் அங்க சுத்திக் காட்டுறவன் சொல்றத நின்னு கேட்டது.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் அங்க ராஜாவோட பல்லப் புடுங்கின குறட்டுக்குத் தூசி தட்டிக்கிட்டு இருக்கிறப்ப, இங்க தோட்டத்து லயத்து வீட்டுல என் பொஞ்சாதிக்கு இதே மாதிரிதான் கன்னம் வீங்கிச்சு. பயந்துக்கிட்டுப் போகல. தொண்டைக்கு எறங்கிருச்சு. நாலு நாள்ல போயிட்டா.”

ஒரு பல்லுக்கு ஓர் உயிரா? என் ரசத்தைக் கெடுத்த ராஜாவும் கண்டாக்கையாவைக் கெடுத்த மருந்தும் எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பயப்படுகிறவர்களுக்கு, அதைவிடப் பெரிய பயத்தைக் காட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அதற்குப் பிறகு நோர்வூட்டில் எங்கே தப்புச் சத்தம் கேட்டாலும், “யாருக்குப் பல்லு புடுங்குறாங்க?” என்று கேட்பது பஜாரில் ஒரு பழக்கமாகிவிட்டது. பல்லையாவும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாசியில் ஒரு காலை, அதே அடி பக்கத்துக் கடை வாசலில் கேட்டது. கொப்பி எடுக்க வந்தவர் சிரித்துக்கொண்டே, “யாருக்குப் பல்லு?” என்றார். நான் எழுந்து போனேன். மாரடைப்பாம், தூக்கத்திலேயே போய்விட்டார் பல்லையா. அவர் தாடையை என் வெள்ளைத் துண்டால் நான்தான் கட்டினேன். பாடை பஜார்க் கோடிப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் வாய்விட்டு அழுதேன். மாரிமுத்து என் பக்கத்திலேயே நடந்து, ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு வந்தார். பஜாரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.