நாள் குறிக்கப் போன இடத்தில் அடித்த சூறாவளி

தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் அடக்குவது, தும்மலை அடக்குவதைவிடக் கஷ்டம். எனக்கு அந்தத் தும்மல் வியாதி முற்றியிருந்த காலம் அது. காலையில் பல் துலக்குமுன்பே, உலக வரலாற்றில் அன்றைய திகதியில் என்னென்ன நடந்தது என்று கைபேசியில் பார்த்துவிடுவேன். பிறகு அகப்பட்டவர்களிடமெல்லாம் ஒப்புவிப்பேன். (என்னைக் கண்டால் பஸ் நடத்துநர்கூடப் பின்கதவுக்கு ஓடிவிடுவார்.)

அப்படிப்பட்ட என்னைத்தான், என் கல்யாணத்துக்கு நாள் குறிக்க, அக்கா கொக்கட்டிச்சோலையிலிருந்த பெண் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பெண், என்னோடு வேலை பார்த்த சுகந்தி. எங்கள் காதலுக்கு அவளுடைய அப்பா அரை மனதோடு தலையாட்டியதே முந்திய கிழமைதான். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும்போதே சட்டைக் கொலரை நாலு தரம் சரிசெய்துவிட்டேன்.

“கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு,” என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்.

சுகந்தியின் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “நவம்பர் இருபத்திமூண்டு நல்ல முகூர்த்தம். தம்பி என்ன சொல்றீங்க?”

என்னிடமே கேட்டுவிட்டாரே! உற்சாகத்தில் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“ஐயோ மாமா, அண்டைக்கா? எழுபத்தெட்டாம் ஆண்டு சூறாவளி மட்டக்களப்பத் துடைச்செடுத்த நாளெல்லோ! கூரை, தென்னை ஒண்டும் மிஞ்சல்ல. அண்டைக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல காரியமும் நடக்கல்ல!”

அக்கா என் காலை மிதித்தாள். (பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.)

சுகந்தியின் அம்மா தேத்தண்ணித் தட்டை மெல்லக் கீழே வைத்தார். “நான் அண்டைக்குத்தான் பிறந்தனான், மகன். கோயில் மடத்துக்குள்ள, கூரை பறக்கக்குள்ள.”

என் காது இரண்டும் கொதித்தன. எப்படியாவது சமாளிக்க வேண்டுமே!

“இல்ல மாமி... யப்பான்ல அண்டைக்கு லீவு. உழைக்கிற ஆக்களுக்கு நன்றி சொல்ற நாள்!”

“அப்ப அங்கயே போய்க் கட்டுங்க,” என்று பஞ்சாங்கத்தை மூடினார் மாமா.

கதவோரம் நின்ற சுகந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. எல்லாம் போச்சு. அக்கா எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கினாள். அப்போது ஒரு வினோதமான சத்தம் கேட்டது. மாமி சிரித்துக்கொண்டிருந்தார்! முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“கலியாணம் கட்டின நாள்ல இருந்து என்ட பிறந்தநாள இந்த மனிசன் ஒருக்காலும் நினைச்சதில்ல. வாற மருமகன் வருசத்தோட சொல்றார்! மறுகா என்ன யோசிக்கிறது? அந்த நாளே இருக்கட்டும்.”

மாமா பஞ்சாங்கத்தைத் திரும்பவும் திறந்தார்.

கல்யாணத்தன்று கார்த்திகை மழை மாப்பிள்ளை, மேளகாரர், ஐயர் என்று பாகுபாடில்லாமல் நனைத்தது. மாமி மட்டும் மணப்பெண்ணைவிட மலர்ந்து நின்றார். தாலி கட்டிய கையோடு அவருக்கு ஒரு கேக்கும் வெட்டினோம். துண்டை ஊட்டிவிட்டவர் மாமா. (இனி மறக்காதிருக்க, திகதியைப் பஞ்சாங்க அட்டையில் எழுதியும் வைத்துக்கொண்டார்.)

இப்போதும் அந்த வீட்டில் காதுகுத்து, குடிபுகல் என்று நாள் பார்க்க உட்கார்ந்தால், மரியாதைக்கு என்னையும் ஒரு சொல் கேட்பார்கள். நான் வாயைத் திறந்ததும் மாமி முழு அரியதரம் ஒன்றை உள்ளே திணித்துவிடுவார். பல்லில் ஒட்டிய அந்தப் பலகாரத்தை நான் மென்று விழுங்குவதற்குள் நாள் குறித்து, பந்தல்காரருக்கும் சொல்லி முடித்திருப்பார்கள்.