மலைப் பங்களாவின் புகைபோக்கியைக் கட்டியது யார்?

தானா ராத்தா,
கேமரன் மலை.
14 மே 1983

களஞ்சிய ஆசிரியர் உயர்திரு கனகராஜ் அவர்களின் சமூகத்துக்கு,

கிளன்பிரே தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு ஆண்டு கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்ற வே. மணியம் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி ருக்குமணியும் இங்கே மழைக்கும் பனிக்கும் நடுவில் நலம். ஈப்போவில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் குறைவில்லாமல் இருக்கத் தண்டாயுதபாணி துணை நிற்பாராக. நலம் விசாரித்தாகிவிட்டது. இக்கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன் என்பதையும், நகல் ஒன்று என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்பதையும், இன்னொரு நகல் எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

ஊர்களையும் கட்டடங்களையும் பற்றித் தாங்கள் தொகுக்கும் இடக் களஞ்சியத்துக்கு "யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்று போன தைப்பூசத்தின்போது அறிவிப்பு விட்டிருந்தீர்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஓர் அலுவலகம் சொன்னால், யாரை உள்ளே விடக்கூடாது என்று அது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்று பொருள். இது என் அனுபவம். இருந்தும் எழுதினேன். எங்கள் தோட்டத்து உச்சியில், கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கும் மலைப் பங்களாவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி, உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். திரும்பி வந்தபோது எட்டுப் பக்கம் ஒன்றரைப் பக்கமாக இருந்தது. கூடவே "புதிய எழுத்தாளருக்கான பத்து விதிகள்" என்று ஒரு தாள். "அழகிய பங்களா" என்று எழுதியிருந்தேன். அழகிய என்பது சொந்தக் கருத்தாம், அடித்துவிட்டீர்கள். "குளிர் மிகுந்த மலை" என்று எழுதியிருந்தேன், பக்கத்தில் பச்சை மையில் "ஆதாரம்?" என்று கேட்டிருந்தது. ஐயா, இங்கே குளிருக்கு ஆதாரம் கேட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவரை ஒரு நாள் விடிகாலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் குளிக்கச் சொல்லுங்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கடைசி வரி. "இதன் கருங்கல் புகைபோக்கியைக் கட்டியவர் வேலப்பன்" என்று எழுதியிருந்தேன். அதையும் பச்சை மை அடித்துவிட்டு, "அச்சில் வந்த ஆதாரம் இல்லை, விதி 3" என்று எழுதியிருந்தது. ஆனால் "1936-இல் ஹார்கோர்ட் துரை கட்டினார்" என்ற வரி மட்டும் முழுசாக உயிரோடு இருந்தது. ஏனென்றால் வாசலில் பித்தளைத் தகடு இருக்கிறதாம். ஐயா, அந்தத் துரை வாழ்நாளில் ஒரு செங்கல்லைத் தூக்கிப் பார்த்தவர் இல்லை. தகடு அடித்தவன் எழுதியது வரலாறு, கல் தூக்கியவன் சொன்னது வதந்தியா? இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலப்பன் என் தகப்பனார். சம்பந்தப்பட்டவரின் உறவினர் எழுதக்கூடாது என்று விதி 7 சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லாமல் இருந்தேன். நான் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து, அந்தப் புகைபோக்கியைக் காட்டி "அது நாங் கட்டுனதுடா" என்று அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன். அவர் பெயர் ஒரு புத்தகத்திலாவது இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

தாங்கள் கைப்பிரதியைச் சுற்றுக்கு விட்டு, மற்ற வாசகர்களையும் திருத்தச் சொல்கிறீர்கள் என்று விதி 9-இல் படித்தேன். அப்படியானால் இந்தப் பச்சை மை யார்? எங்கள் பக்கத்து வீட்டில் செல்லையா இருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தவர். இருபது ஆண்டுகளாக என்னைப் பார்த்துச் சிரிப்பவர். காரணமில்லாமல் ஒருவர் இருபது ஆண்டு சிரிப்பாரா? களஞ்சியத்தைப் பற்றி முதலில் என்னிடம் சொன்னதும் அவர்தான். நான் டவுன் கடையில் போய், பச்சை மை யார் வாங்குகிறார்கள் என்று விசாரித்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் உடந்தையாக இருக்கலாம்.

சரி, அச்சில் வந்தால்தானே ஆதாரம்? வர வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். நம்மவர் ஒருவர் அச்சில் வர எளிய வழி எது? செத்திருக்க வேண்டும். என் தகப்பனார் 1971-இலேயே அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டார். ஆகவே தலைநகர்த் தமிழ் நாளேடு ஒன்றுக்கு (பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள்) பன்னிரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி அனுப்பினேன். "மலைப் பங்களாவின் கருங்கல் புகைபோக்கியைக் கட்டிய அமரர் வேலப்பன்" என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னேன். அப்பாவின் தனிப்படம் எங்களிடம் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க நான் பின்னால் நிற்கும் ஒரே படத்தை அனுப்பி, "உட்கார்ந்திருப்பவரை மட்டும் போடவும்" என்று பின்புறம் எழுதினேன். அவர்கள் நின்றவனைப் போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நான்தான் திறந்தேன். கியா பார்மில் பூந்தோட்டம் போட்டு, விடிகாலையில் டவுனுக்குப் பூ கொண்டுவரும் சரோஜா, ஒரு கட்டு சாமந்தியும் கையுமாக நின்றவர், என்னைப் பார்த்ததும் பூவைப் போட்டுவிட்டு, "ஐயோ கிராணி! நீங்க போயிட்டீங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு, நீங்களே வந்து கதவத் தொறக்கிறீங்களே லா!" என்று அலறினார். அதன் பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேனேஜர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். பங்களா கட்டிய காலத்துப் பழைய கோப்பைப் பார்க்க விடுங்கள் என்று நான் மூன்று முறை கேட்டும் அனுமதிக்காத அதே மேனேஜர். ருக்குமணி எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் களைத்துப் போய், "பேசாம உள்ள போய்ப் படுத்துக்குங்க. வந்தவுங்க மனசாவது ஆறும்" என்றாள். இதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

எட்டு மணிக்குச் செல்லையா வந்தார். கையில் இரண்டு பக்க இரங்கல் உரை. பேப்பர் பஸ்ஸில் வந்து இறங்குவதே ஆறே முக்காலுக்கு. அதற்குள் இரண்டு பக்கம் எப்படி எழுதினார்? முன்பே எழுதி வைத்திருந்தாரா? பிடுங்கிப் பார்த்தேன். பச்சை மை! அதிலும் முதல் வரியே, "மலைப் பங்களாவின் புகைபோக்கியைக் கட்டிய வேலப்பனின் அருமை மகன்" என்று இருந்தது. "யோவ் டிரஸ்ஸர், என் கட்டுரையில இதே வரிக்கு ஆதாரம் கேட்டு அடிச்சீரே, இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "கிராணி, செத்த வூட்டுல வந்து ஆதாரம் யாருய்யா கேப்பா?" என்றார். கூட்டம் சிரித்தது. என் வீட்டில், என் சாவுக்கு வந்த கூட்டம், ஐயா.

ஆகவே இத்துடன் அந்த நாளேட்டின் பக்கத்தை இணைத்துள்ளேன். படம் தவறு, எழுத்து சரி. அச்சில் வந்த ஆதாரம் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். "புகைபோக்கியைக் கட்டியவர் வேலப்பன்" என்ற வரியை ஒரு புள்ளி குறையாமல் சேர்க்க வேண்டும். இல்லையேல் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். துரைக்கு மட்டும் விளம்பரம் செய்ய நான் ஆள் இல்லை. செல்லையாவுக்குக் கைப்பிரதி இனிமேல் போகக்கூடாது. தங்கள் பதில் வரும்வரை தங்களையும் நான் நம்புவதாக இல்லை.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். களஞ்சியம் நல்லபடி வெளிவர வாழ்த்துகிறேன், வராது என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்
வே. மணியம்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரியில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பெயர் அம்மாக்கண்ணு, வயது எழுபதுக்கு மேல். அந்தப் பேப்பரை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்றபடியே, "வேலப்பண்ணன் கட்டுனாருன்னு எந்தப் பய எழுதுனான்? அது எம் புருசன் காளிமுத்து கட்டுனது. வேலப்பண்ணன் ஆத்துலேருந்து கல்லு சொமந்தாரு. நானுந்தான் சொமந்தேன்" என்று சத்தம் போட்டார். ஆதாரம் என்ன என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஒவ்வொரு கல்லத் தூக்கறப்பவும் அண்ணன் 'வாடா தங்கம்'னு சொல்லித்தான் தூக்குவாரு, நல்ல மனுசன்" என்றார். என்னைத் தோளில் தூக்கும்போதும் அப்பா அதையேதான் சொல்வார். "அப்ப எங்கப்பா என்கிட்ட பொய் சொன்னாரா?" என்று கேட்டேன். "பொய்யா அது? எத்தனை பேரு சொமந்தோம், சாந்து கொழைச்சோம், அடுக்குனோம். ஆளாளுக்கு அவங்கவங்க புள்ளைகிட்ட நாந்தான் கட்டுனேன்னு சொன்னோம். நானும் எம் மவகிட்ட அப்படித்தான் சொன்னேன்" என்றார்.

ஆகவே அந்த வரியை மாற்றி எழுதுகிறேன். காளிமுத்துவுக்கும் அச்சில் வந்த ஆதாரம் கிடையாது. அவருடைய படமும் கிடையாது. செல்லையா வீட்டுக்குப் போய்ப் பச்சை மை கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார். இப்போது அம்மாக்கண்ணு நடு வீட்டில் உட்கார்ந்து விரல்விட்டுப் பெயர் சொல்கிறார், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டுரையில் எத்தனை பெயர் வரை போடலாம் என்று விதிகளில் தேடிப் பார்த்தேன், இல்லை. இருபத்து மூன்று ஆகிவிட்டது. பெண்களை இன்னும் தொடங்கவே இல்லை என்கிறார்.