பெரிய கேஸுக்கு எடுத்து வைத்த குப்பி

எடுத்துவைப்போர் என்று ஓர் இனம் உண்டு. கிடைத்ததையெல்லாம் "அப்புறம் தேவைப்படும்" என்று பூட்டி வைத்து, அந்த அப்புறமே நேரில் வந்து கதவைத் தட்டினாலும் "நீ இல்லை, வேறு ஆள்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள். அவர்களில் தலையாயவரைப் பார்க்க வேண்டுமா? ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வாருங்கள். பலகையில் அவர் தலைமை மருத்துவர்; ஊழியர்களுக்குச் சாவிக்கொத்து.

ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். உள்ளே மோனோகுளோனல் ஆன்டிபாடிக் குப்பிகள். உயரம் சுண்டுவிரல், விலையோ யானை விலை, குதிரை விலை. ஒவ்வொன்றும் ரத்த அணுவின் மேலுள்ள ஒரே ஓர் அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். எது ஒட்டுகிறது என்று பார்த்துத்தான் எந்த வகை ரத்தப் புற்றுநோய், என்ன மருந்து என்று சொல்ல முடியும். இதை மாணவர்களுக்கு அவர் கண்கலங்க விளக்குவார். குப்பியைத் திறக்க மட்டும் சொல்லாதீர்கள்.

"சார், இந்தப் பேஷன்ட்டுக்கு அந்தப் புதுசைப் போட்டாத்தான் வகை தெரியும்" என்பார் லேப் டெக்னீஷியன் அம்மாள்.

"பழசுல என்ன வருதுன்னு பாருங்கம்மா. அது பெரிய கேஸுக்கு."

"இது என்ன சார், சின்னப் புற்றுநோயா?"

சாவி குலுங்கும். அம்மாள் ரத்தத்தை அடுத்த தெரு லேபுக்கு அனுப்பிவிடுவார்.

ஒருநாள் பெரிய கேஸ் வந்தேவிட்டது. அவருடைய சொந்த அத்தானின் ரத்தம். வாசல் பெஞ்சில் அக்கா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"என்னன்னு மட்டும் சீக்கிரம் சொல்லிடுடா தம்பி. தெரியாம இருக்கறதுதான் தாங்க முடியல."

மனிதர் அவசர அவசரமாக ஃபிரிட்ஜுக்குப் போனார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. யாரும் கேட்காமலே பூட்டைத் திறந்தார், குப்பியை எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளைப் படித்தார். போன மாதமே காலாவதி. சீல்கூட உடையவில்லை.

"அடுத்த தெருவுக்கு அனுப்பிடட்டுமா சார்?" என்றார் அம்மாள், மெதுவாக.

"நானே கொண்டு போறேன்மா."

போனார். அவரைவிட வயதில் சின்னவரான அந்த லேப் மருத்துவர் ஒரு வார்த்தை கேட்காமல் புதுக் குப்பியின் சீலை உடைத்தார். சாயங்காலம் வகை தெரிந்தது. நல்ல மருந்து இருக்கிற வகை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றுமுதல் சாவி ஃபிரிட்ஜிலேயே தொங்கியது என்று சொல்ல ஆசைதான். தொங்கியது, ஒரு வாரம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டு அலமாரியில், பெரிய விருந்தாளி வரட்டும் என்று உறை பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே கோப்பைகள், அவற்றில் இதுவரை யாராவது காபி குடித்ததுண்டா? விளிம்பு உடைந்த கோப்பையோடு எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அந்தப் பெரிய விருந்தாளி அவர்தான்; வந்து ரொம்ப வருஷம் ஆகிறது.