தலைவர் போயிட்டாரு

இரங்கல் சுவரொட்டியின் பசை காய்வதற்குள், இறந்துபோனவர் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

செய்தி கொண்டுவந்தவர் பக்கீர் முகம்மது. ஊரில் டெலிபோன் இருந்த ஒரே கடை அவருடைய மளிகைக்கடை. முந்தைய நாள் காலையில், "தலைவர் போயிட்டாரு" என்று ஓடிவந்து சொன்னவரும் அவர்தான்.

"பாய், போயிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க!" ரெத்தினத்தின் குரல் கீச்சிட்டது.

"லைன்ல அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு தம்பி. எங்கேன்னு கேக்குறதுக்குள்ள அறுந்துபோச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போயிட்டாராம். இப்ப நேரா இங்கதான் வர்றாராம்."

ரெத்தினம் கட்சியின் கிளைச் செயலாளர். தலைவர் துரைராசு அந்தத் தொகுதியின் எம்.பி., சில வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தவர். ரெத்தினத்தின் அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தில் மிராசுதார் மாட்டை விட்டு மேய்த்தபோது, வரப்பில் வந்து உட்கார்ந்து, "முதல்ல என்னைத் தாண்டி ஓட்டு" என்று சொன்ன மனுஷன். அவர் போய்விட்டார் என்றதும் ரெத்தினம் விழுந்து புரண்டு அழுதது உண்மை. பொய்யில்லாத அழுகை. ஆனால், பக்கத்தில் நின்ற யாரோ, "அப்ப இடைத்தேர்தல் வருமே" என்றதும் கண்ணீர் நின்றுவிட்டது. அதுவும் உண்மைதான்.

அன்று மதியமே ஸ்டுடியோவில் போய்க் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார். சுவரொட்டியில் தலைவர் தபால்தலை அளவில் இருந்தார். மீதி இடமெல்லாம் ரெத்தினம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'விட்டுச்சென்ற பணியை முடிக்க, உங்கள் ரெத்தினம்'.

"கேட்டு மூடியிருக்கு, கூட்ஸ் வண்டி நிக்குது. அரை மணி நேரம் இருக்கு" என்றார் பாய்.

ரெத்தினம் கடைத்தெருவுக்கு ஓடினார். கிழித்துப் பார்த்தார். பசை காயாவிட்டாலும் நன்றாகப் பிடித்திருந்தது, நகம்தான் பெயர்ந்தது. கட்சி ஆபீசில் பழைய மாநாட்டு 'வருக வருக' தாள்கள் கிடந்தன. அவற்றை எடுத்துக் 'கண்ணீர் அஞ்சலி'யின் மேல் ஒட்டினார். அடியிலிருந்த 'மறைவு' தேதியை மறைக்கத் தாள் போதவில்லை.

அடுத்து, மௌன ஊர்வலத்துக்கென்று மதகடியில் கூடியிருந்த ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார். "தலைவர் உசுரோட வர்றாரு. ஓடிப்போய் ரோட்டுல நின்னு வாழ்க சொல்லுங்க!"

அவர்களும் ஓடினார்கள், கையிலிருந்த கறுப்புக்கொடியோடு.

அப்போதுதான் தந்தி நினைவுக்கு வந்தது. முந்தைய நாளே சென்னைத் தலைமைக் கழகத்துக்கு அடித்திருந்தார்: 'தலைவர் மறைந்தார். இடைத்தேர்தலில் நிற்கத் தயார். ரெத்தினம்.'

தபாலாபீசுக்குப் பாய்ந்தார்.

"அது நேத்தே போயிடுச்சே" என்றார் போஸ்ட் மாஸ்டர். "வேணும்னா இன்னொண்ணு குடுங்க. சுருக்கமா இருக்கட்டும்."

ரெத்தினம் அவசரமாக எழுதிக் கொடுத்தார். அது டக்டக்கென்று போய் முடிந்த பிறகுதான் நகலை வாங்கி வாசித்துப் பார்த்தார்.

'தலைவர் உயிரோடு இருக்கிறார். வருந்துகிறேன். ரெத்தினம்.'

அவர் வெளியே வந்தபோது கார் வந்துவிட்டது. இருபுறமும் கறுப்புக்கொடியைப் பார்த்த டிரைவர் சாமிதுரை, எதிர்க்கட்சி மறியல் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். வாழ்க கோஷம் கேட்டதும் குழம்பிப்போய்த் திறந்தான். தலைவர் கைத்தடியை ஊன்றி இறங்கினார். இளைத்திருந்தார். நேராகச் சுவரருகே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"வருக வருக... மறைவு, நேத்துத் தேதி. எனக்கு யாரும் சொல்லலியேப்பா."

கைத்தடியால் ரெத்தினத்தின் படத்தைத் தட்டினார்.

"இந்தப் பெரிய படம் யாரு?"

"தலைவரே, இது எதிர்க்கட்சிக்காரன் செஞ்ச சதி. என் பேரைக் கெடுக்க..." ரெத்தினம் சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துணியைக் கையால் மூடிக்கொண்டார்.

"பொய் சொல்லாதீங்க."

கூட்டம் விலகியது. நடவு வயலிலிருந்து அப்படியே ஏறி வந்திருந்தாள் ரெத்தினத்தின் மனைவி அம்சம். முழங்கால்வரை சேறு.

"ஐயா, நீங்க போயிட்டீங்கன்னதும் இவரு நெசமாவே அழுதாரு. அப்புறம் இடைத்தேர்தல்னாங்க, படம் எடுக்கப் போயிட்டாரு. வேண்டாம்னேன், கேக்கல. எங்களை மன்னிச்சிருங்க."

ரெத்தினத்துக்குத் தலை தொங்கிப்போனது. செய்தது அவர். மன்னிப்புக் கேட்டது அவள்.

தலைவர் அம்சத்தின் பக்கம் திரும்பினார். "நடவுக் கூலிப் பேச்சு என்னாச்சு? மிராசுதாருங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"முந்தாநேத்து ஒத்துக்கிட்டாங்கய்யா. நாங்க எண்பது பொம்பளைங்க நாத்தைத் தொடாம கரையிலயே உக்காந்துட்டோம். யாரும் பேச வரலன்னு நானே போய்ப் பேசினேன்."

"கிளைச் செயலாளர் வரலியா?"

அம்சம் குனிந்து முழங்கால் சேற்றை வழித்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

தலைவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது ரெத்தினத்தின் தோளைத் தட்டி, "படம் நல்லா விழுந்திருக்குப்பா" என்றார். கோபமே இல்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ரெத்தினத்துக்கு. ஊர் பார்க்க, ஈரச் சுவரொட்டியில் இருந்த தன் முகத்தை மறைத்தபடி முதுகைச் சாய்த்து நின்றார். சட்டையெல்லாம் பசை.

கார் மதகடி வரைக்கும் போய் நின்றது. சாமிதுரை ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடிவந்தான்.

"எனக்கா தம்பி?" ரெத்தினம் கையை நீட்டினார்.

சாமிதுரை கவரை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தலைவர் ஒடம்பு முடியலன்னு காலையிலதான் எம்.பி. பதவிய ராஜினாமா பண்ணினாங்கண்ணே. இடைத்தேர்தல்ல நிறுத்தச் சொல்லி தலைமைக் கழகத்துக்கு உங்க பேரை எழுதி எடுத்துட்டுத்தான் வந்தாங்க, இப்ப அதை அடிச்சுட்டு அம்சம் அக்கா பேரைப் போட்டிருக்காங்க, அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."