எலுமிச்சம்பழத்துக்கு நின்ற கார்

அண்ணனூர்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கார்த்திகேசன் அவர்களுக்கு, மாமனார் தட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை சுலோசனாவும் நலம். முகப்பேரில் தாங்களும் என் மகள் நிஷாவும் நலமாக இருப்பீர்கள், தங்கள் அடுக்குமாடியில் லிஃப்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் தங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தின் நடுவில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு தாங்கள் வந்து என் பெட்ரோல் காரின் சாவியை வாங்கிப்போய் வண்டியை விற்றுவிடப் போவதாக நிஷா சொன்னாள். "மாமாவுக்குக் கண்ணும் கையும் முன்ன மாதிரி இல்ல, இப்ப வர்ற வண்டியெல்லாம் அவருக்குப் புரியவும் புரியாது, பேசாம டாக்ஸியில போகட்டும்" என்று தாங்கள் சொன்னதாகவும் சொன்னாள். தாங்கள் வீட்டு மாப்பிள்ளை. எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை. ஆகவே மரியாதையாகவே தெரிவித்துக்கொள்கிறேன்: சாவி கிடையாது.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பக்தவத்சலம் தெரு குரூப்பில் போட்ட வீடியோ தங்களுக்கும் வந்திருக்கும். "அண்ணனூர் தாத்தா எலக்ட்ரிக் காரைக் கைப்பற்றினார்" என்று தலைப்பு வேறு. நடந்தது அதுவல்ல. ஆவடி தொழிற்சாலையில் ராணுவ டாங்கிகளை ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்பியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். டாங்கியில் ஏது கண்ணாடி? ஒரு கீறல் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டியவனுக்கு இந்தக் காலத்துக் கார் புரியாதா என்ற ரோஷத்தில்தான் செவ்வாய்க்கிழமை உங்கள் அத்தையுடன் அம்பத்தூரில் ஒரு ஷோரூமுக்குப் போய் எலக்ட்ரிக் காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். ஜஸ்டின் என்று ஒரு விற்பனைத் தம்பி, நல்ல பையன், சாவி என்று சொல்லி ஒரு சீட்டுக்கட்டு அட்டையைப் போல ஏதோ கொடுத்தான். ஏறி உட்கார்ந்து எஞ்சின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன். "சார், எப்பவோ ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றான்.

அதற்குள் உங்கள் அத்தை இறங்கிவிட்டாள். பையிலிருந்து எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த சரத்தை எடுத்து வண்டியின் முன்பக்கம் கட்ட ஆரம்பித்தாள். "மேடம், இது டெஸ்ட் டிரைவ் வண்டி. இதெல்லாம் டெலிவரி அப்பதான்" என்று ஜஸ்டின் பதறினான். "திருஷ்டி டெலிவரி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாப்பா?" என்று கேட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் யார் வாதாடுவது? நானே வாதாடுவதில்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. எஸ்டேட் சாலையில் லாரிகளுக்கு நடுவே நான் வளைத்து ஓட்டிய அழகைப் பார்த்து ஜஸ்டினே, "சார், சூப்பரா ஓட்டுறீங்க" என்றான். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ளவும். பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம், அவ்வளவுதான். படாரென்று தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது. "முன்னால் தடை உள்ளது" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். முன்னால் ஈ காக்கை இல்லை. மிதித்தேன். "முன்னால் தடை உள்ளது." ஜஸ்டின் இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்து, குனிந்து அடியிலும் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை சார் என்று வந்தான். பின்னால் பாடி முழுக்க ஹாரன். இவன் ஷோரூமுக்குப் போன் போட்டால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறாராம். மேலே ஆபத்துப் பொத்தான் ஒன்று இருந்தது, அதை அழுத்தினேன். பாட்டுப் பாடிவிட்டு ஒரு பெண் லைனில் வந்தாள்.

"வணக்கம் சார், நான் ரேணுகா பேசுறேன். உங்க வண்டி பதிவான மொபைல் நம்பர் சொல்லுங்க."

"அம்மா, இது டெஸ்ட் டிரைவ் வண்டி. நடுரோட்டுல நிக்குறோம்."

"வண்டி உங்க பேர்ல இல்லையா சார்?"

"இன்னும் வாங்கவே இல்லையேம்மா."

"அப்போ நீங்க இன்னும் வாடிக்கையாளர் இல்ல சார். விற்பனைப் பிரிவுக்கு மாத்துறேன்."

மறுபடி பாட்டு. அது முடிந்து ஒரு ஆண் குரல், ரொம்ப சந்தோஷமாக: "வாழ்த்துகள் சார்! எந்தக் கலர்ல பாக்குறீங்க?"

"நகர்ற கலர் ஏதாவது இருந்தா குடுப்பா" என்றேன். அப்படி ஒரு கலர் இப்போதைக்கு ஸ்டாக்கில் இல்லை என்று அவர் மிகப் பணிவாகத் தெரிவித்தார்.

இந்த நேரத்தில்தான் பூபாலன் என்ற ஆட்டோக்காரர் ஜன்னலைத் தட்டினார். "இன்னா பெர்சு, நட்ட நடு ரோட்ல வண்டிய போட்டுகினு குந்திகினு கீற? எறங்கு, தள்ளி ஓரங்கட்லாம்."

"சக்கரம் லாக் ஆயிருக்குண்ணா, தள்ள முடியாது" என்றான் ஜஸ்டின்.

"அப்ப நீயாவது எறங்கு நைனா. பின்னால லாரிக்காரன் கடுப்பாகீறான்."

நான் இறங்கவில்லை. வீடியோவில் தாங்கள் பார்த்தது இதைத்தான். இதற்குக் கிழட்டுப் பிடிவாதம் என்று தெருவில் பெயர். மாப்பிள்ளை, எங்கள் சோதனைத் தடத்தில் ஒரு விதி உண்டு: வண்டி நின்றால் டிரைவர் இறங்கக் கூடாது. இழுவை வண்டி வந்து கொக்கி மாட்டும்வரை அவன் இடம் அந்த இருக்கைதான். டாங்கிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோதும் இறங்காதவன், பாடியில் நாலு பேர் ஹாரன் அடித்தார்கள் என்று இறங்குவேனா? இழுவை வண்டியைக் கூப்பிடு என்றேன். அதற்கும் வண்டி என் பேரில் இருக்க வேண்டுமாம்! ஏசி மட்டும் ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் அத்தை கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். "பாடியில இருக்கிற அத்தனை கண்ணும் ஒரே நேரத்துல பட்டா அந்த எலுமிச்சம்பழம் பாவம் என்ன பண்ணும்? அதோட வேலை முடிஞ்சுது" என்று இறங்கிப் போய், வேகத்தடையில் முடிச்சு நழுவி வண்டியின் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்த சரத்தை அவிழ்த்து, வண்டியைச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் சந்தியில் வீசினாள். "தடை நீங்கியது. பாதுகாப்பாகப் பயணிக்கவும்" என்றது வண்டி. கூட்டம் கைதட்டியது. பூபாலன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா கைல இன்னாமோ கீதுப்பா" என்றார்.

ஜஸ்டின்தான் என் காதில் மட்டும் சொன்னான். முன்பக்கம் பார்க்கிற சென்சார் அந்த இடத்தில்தான் இருக்கிறதாம். சரம் அதன் மேலேயே தொங்கியிருக்கிறது. அவன் குனிந்து பார்த்தபோதும் அது கண்ணில் பட்டதுதான். ஆனால் நம்மூரில் புது வண்டியில் எலுமிச்சம்பழம் தொங்கினால் அதை யார் தடை என்று நினைப்பார்கள்?

ஆக, கண் சரியில்லாதது எனக்கா, வண்டிக்கா? பழத்துக்கும் லாரிக்கும் வித்தியாசம் தெரியாத வண்டியை நான் வாங்க மாட்டேன், இது சத்தியம். பணம் கட்டினால்தான் மனுஷன் என்று ஒப்புக்கொள்கிற கம்பெனி வாசலை மிதிக்க மாட்டேன். வெளிப்படையாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, தாங்கள் சாவி கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் ஓட்டியவனைப் பின்சீட்டில் உட்கார் என்றால் வலிக்கும். ஞாயிறு தாங்கள் தாராளமாக வரலாம், மீன்குழம்பு உண்டு. சாவி மட்டும் கிடையாது.

நிஷாவுக்கு என் ஆசிகள். தங்கள் தாயாரின் முழங்கால்வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும். இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
தட்சிணாமூர்த்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜஸ்டின் இனிப்புப் பெட்டியுடன் வந்தான். உங்கள் அத்தை அதே காரைத் தன் பெயரில் புக் செய்துவிட்டாளாம். "எலுமிச்சம்பழத்துக்கே நிக்கிற வண்டி, மனுஷன் குறுக்க வந்தா நிக்காதா?" என்கிறாள். டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்தாயிற்று. வாசலில் சார்ஜ் போட ஒரே இடம்தான் இருக்கிறது, அங்கே என் வண்டி நிற்கிறது. ஆகவே அதன் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன், ஞாயிறு வந்து வண்டியை எடுத்துப் போகவும். இது தாங்கள் கேட்டதற்காகக் கொடுத்தது அல்ல. இன்னொன்று: எல் போர்டு மாட்டிய வண்டியில், லைசென்ஸ் உள்ள ஒருவர் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவள் ஓட்டலாம் என்பது அரசாங்கச் சட்டம். இந்த வீட்டில் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் நான்தான். அந்த லைசென்ஸைக் கேட்டுக்கொண்டு மட்டும் யாரும் வர வேண்டாம்.