பைலட்டின் எறா தராசு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை ஐந்து ஐம்பது, லேசான பனி, வாடைக்காற்று. பழவேற்காடு ஏரியில் அதுவரை பைலட்டின் தராசுக்குத் தப்பிப் படகேறியவர் ஒருவரும் கிடையாது. அன்று நான் தப்பினேன்.

பசியாவரம் தீவிலிருந்து எங்களைக் கரை சேர்ப்பது பைலட்டுப் பெண்ணுடைய நைனாவின் படகு. பி.எஸ்சி. முடித்துவிட்டு அவளே ஓட்ட வந்துவிட்டாள். விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குப் பைலட்டு என்ற பேரும் வந்தது, விமானத்துக்கு உள்ள விதியெல்லாம் படகுக்கும் வந்தது. இன்ஜினைக் கிளப்புமுன் டீசல், துடுப்பு, கயிறு என்று பதினொரு பொருளை உரக்கப் படிப்பாள். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் "கீது" என்று சொல்ல வேண்டும். பிறகு எறா நிறுக்கும் தராசில் ஆளாளுக்கு ஏறி நிற்க வேண்டும். எடை குறைந்தவருக்கு முன்னே, கூடினவருக்குப் பின்னே இடம். கூடைக்காரம்மா ஒருத்தி கோபித்துக்கொண்டு மூன்று நாள் படகேறவில்லை. நாலாம் நாள் ஒன்றரைக் கிலோ குறைந்து வந்தாள்.

அன்று பைலட்டுக்குச் சென்னையில் பரீட்சை. ஆறு நாற்பது பஸ்ஸை விட்டால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் எடையை வாயால் கேட்டாள். முப்பத்தாறு வருடம் தபாலாபீசில் பார்சல் நிறுத்தவன் நான். ஏறும் படிகளைக்கூட எண்ணுகிறவன். கூசாமல் "அறுபத்தொண்ணு" என்றேன். புகை வராத முன்பக்கம் கிடைத்தது.

நடு ஏரியில் முன்பக்கம் தரைதட்டி நின்றது. மணி ஆறு பதினேழு. பைலட்டு நோட்டைத் திறந்து கணக்கைச் சரிபார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள்.

"தாத்தா, நெசமா எவ்ளோ?"

"எழுபத்தெட்டு." மடியிலிருந்த இட்லி டப்பாவைச் சேர்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

"இன்னா பெர்சு, ஒரு கூடை எறாவை வவுத்துல மறைச்சி எட்தாந்துகீற" என்றாள் கூடைக்காரம்மா.

பின்னால் நகர்ந்தேன். படகு அசையவில்லை. பைலட்டு என்னைத் திட்டவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முட்டிவரை சேறு. படகு மிதந்தது.

"உன்ன இப்டி உட்டுட்டு எப்டி தாத்தா போறது?"

"தோ, வலைக்காரர் வர்றார். நீ போம்மா. ஆறு இருபத்தொண்ணு ஆச்சு."

நோட்டில் 'ஒரு பயணி இறங்கினார்' என்று எழுதிக்கொண்டுதான் போனாள். வலைக்காரர் தம் வலையை எடுத்து முடித்துவிட்டு வந்து சேர ஐம்பத்திரண்டு நிமிடம். அதற்குள் தலைக்கு மேல் நாற்பத்தேழு பூநாரைகள் போயின. ஒன்றும் எடை பார்த்துவிட்டுப் பறப்பதாகத் தெரியவில்லை.

பஸ் கிளம்ப ஒரு நிமிடம் இருக்கும்போது ஏறினாளாம். தேறினாள். இப்போது வெளிமாநிலத்தில் சின்ன விமானத்தில் பழகுகிறாள். ஞாயிறுதோறும் காலையில் போன் செய்து முதலில் என் எடையைத்தான் கேட்கிறாள். அதற்காகவே ஒரு மெஷின் வாங்கிவைத்திருக்கிறேன். போன் வரும்வரை இட்லியைத் தொடுவதில்லை. சேறு விழுங்கிய செருப்பு முந்நூற்றிருபது, மெஷின் ஆயிரத்து நூற்றைம்பது. ஆக, அந்தப் பொய்க்கு ஆயிரத்து நானூற்றெழுபது ரூபாய்.