மஞ்சத்தண்ணிக்காரரும் எங்கள் சந்தின் வயிறும்

தெளிந்த தண்ணீரைக் கண்டால் முகம் சுண்டிப்போவதும், மஞ்சளாக மாறிய தண்ணீரைக் கண்டால் மகளுக்கு வரன் அமைந்த மாதிரி பூரித்துப்போவதுமாக ஒரு மனிதர் இந்தப் பூமியில் உண்டென்றால், அவர் எங்கள் சந்துக்கு வந்துபோன மஞ்சத்தண்ணிக்காரர்தான். கோயமுத்தூரில் மோட்டார் செய்தவர்கள், மில் நடத்தியவர்கள் என்று எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருக்கலாம். ஒரு சந்து முழுவதையும் குழப்பி, தானும் அதைவிட அதிகமாகக் குழம்பி, அப்படியும் ஒருவர் மனமும் நோகாமல் நடந்துகொண்ட ஆள் வேறு யாரும் இல்லை. பந்தயம் கட்டுகிறேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. தண்ணீர் ஆபீஸில் ஒப்பந்த வேலை. கிருமியைக் கொல்லும் குளோரின் குழாய்த் தண்ணீரில் போதுமான அளவு இருக்கிறதா என்று தெருத் தெருவாகப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருப்பார். அதில் தண்ணீரைப் பிடித்து நாலு சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, நல்ல தண்ணீர். நிறம் மாறாவிட்டால் குளோரின் இல்லை, நம்பிக் குடிக்கக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை எங்கள் மண்டையில் ஏற்ற அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது.

முதல் நாள் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுத் தண்ணி மஞ்சளாகுதான்னு பாக்கோணுமுங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சரசக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "மாரியம்மன் நோம்பிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குதே, அதுக்குள்ள என்னங்க மஞ்சத்தண்ணி?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான், அப்புறம் கழலவே இல்லை.

சொட்டு விட்டார். எலுமிச்சை நிறத்துக்கு மாறியது தண்ணீர். நான் அலறிவிட்டேன்.

"அய்யய்யோ! இந்தக் கண்றாவியையா இத்தனை நாளாக் குடிச்சோம்?"

"இதையேதானுங்க அம்மணி! தாராளமாக் குடிங்க! அருமையான தண்ணிங்க!" என்று முகமெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். அவர் தலை மறைந்ததும் சரசக்காவும் நானும் குடத்திலிருந்த அத்தனை நல்ல தண்ணீரையும் சாக்கடையில் கொட்டினோம்.

பிறகொரு நாள் நிறமே மாறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, பளிங்காட்டம் இருக்குது!" என்றேன். அவரோ துக்க வீட்டில் நிற்பவர்போல நின்றார். "ஒண்ணுமே வரலீங்க அம்மணி, ஒண்ணுமே வரலீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நல்லது நடந்தால் ஒப்பாரி, கெட்டது நடந்தால் கும்மாளம், இந்த ஆளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நானும் என் வீட்டுக்காரரும் அன்று இரவே தீர்மானித்துவிட்டோம்.

அவர் பேச்சும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும். எங்களுக்கு வரும் சிறுவாணித் தண்ணீரை அது, இது என்று சொல்ல மாட்டார். "சிறுவாணி வந்துட்டாங்களா அம்மணி? காத்தால எத்தன மணிக்கு வந்தாங்க?" என்று ஊரிலிருந்து விருந்துக்கு வரும் ஒறம்பரையை விசாரிப்பதுபோல விசாரிப்பார். கொஞ்ச நாளில் நானும், "இன்னும் வரலீங்க, வர்ற நேரந்தான்" என்று அதே மரியாதையில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அடுப்படியில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மேட்டுப்பாளையத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கேயும் குப்பியும் மருந்துமாகத்தான் போயிருக்கிறார். முதல் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்திருக்கிறார். சொட்டு விட்டார், நிறம் வரவில்லை. பக்கத்து இலைக்காரரின் டம்ளரிலிருந்து கொஞ்சம் எடுத்தார், அதிலும் வரவில்லை. மூன்றாவது டம்ளரை நெருங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டார், "எவனோ தண்ணில மருந்து கலக்கறான்!" என்று கூச்சல் போட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். இவர் திமிறவில்லை. "புடிச்சுக்கங்க, பரவாயில்லீங்க. ஆனா அந்தத் தண்ணியக் குடிச்சுப்போடாதீங்க" என்று கும்பிட்டபடியே சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை அவரே வந்து எங்களிடம் சொன்னார். அடி விழுந்ததா என்று கேட்டேன். "லேசாத்தானுங்க" என்றார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன மழைக்காலம் வந்தது. யாரோ கேபிள் போடுகிறேன் என்று சந்து முனையில் பள்ளம் தோண்டி, போட்டும் போடாமலும் மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது நிறம் வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. மஞ்சத்தண்ணிக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"காய்ச்சிக் குடிங்க அம்மணி. நல்லாத் தளதளன்னு கொதிக்கோணுமுங்க. பல்லு வெளக்கறதுக்கும் அந்தத் தண்ணிதானுங்க."

சந்தின் வாட்ஸாப் குழுவுக்கு அன்று கொண்டாட்டம். ஒரு நிமிஷம் கொதித்தால் போதும் என்றார் ஒருவர். இருபது நிமிஷம் என்றார் இன்னொருவர். செம்புப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் காய்ச்சவே வேண்டாம் என்று ஒரு குரல்பதிவு. காய்ச்சினால் தண்ணீரின் சத்தெல்லாம் ஆவியாகிவிடும் என்று ஒரு வீடியோ. எதை நம்புவது என்று தலைகால் புரியவில்லை. ஆனாலும் எங்கள் சந்து பயந்த சந்து. ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் காய்ச்சினோம்.

அப்படியும் ஒவ்வொரு வயிறாகக் கெட ஆரம்பித்தது. முதலில் சரசக்கா, அப்புறம் என் வீட்டுக்காரர். சந்தில் யாரும் யாரோடும் நின்று பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் ஒருவர் உள்ளே ஓட வேண்டியிருந்தது. நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். அந்தச் சின்னக் கையில் ஊசியைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! நேராக வார்டு ஆபீஸுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தேன்.

மறுநாளே எஞ்சினியர் வந்தார். மஞ்சத்தண்ணிக்காரர் அவருக்குப் பின்னால் குப்பியும் கையுமாக நின்றார்.

"காய்ச்சித்தான் குடிக்கறீங்களா?" என்று கேட்டார் எஞ்சினியர்.

"சத்தியமாங்க!" என்றது சந்து.

"அப்ப தண்ணியில கோளாறு இல்லீங்க. கொதிச்ச தண்ணில எந்தக் கிருமி உசுரோட இருக்கும்? நீங்க எங்கியோ ஒண்ணா விருந்து சாப்பிட்டிருக்கீங்க. காய்ச்சறோம்னு எழுதிக் குடுத்துருங்க."

மஞ்சத்தண்ணிக்காரர் மெல்ல, "பக்கத்துச் சந்துல மஞ்சளாகுதுங்க, இங்க ஆக மாட்டேங்குதுங்களே" என்றார். "உங்க மருந்து பழசாயிருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் எஞ்சினியர். இரண்டு சந்துக்கும் ஒரே மருந்துதான் என்று மஞ்சத்தண்ணிக்காரர் சொன்னதைக் கேட்க அங்கே ஆளில்லை.

எழுதிக் கொடுப்பதென்றால் என்னை விட்டால் யார்? பத்திரிகையில் எழுதுகிறவள் ஆயிற்றே! "இச்சந்தில் வசிக்கும் நாங்கள் காய்ச்சாத நீரில் ஒரு சொட்டும் அருந்துவதில்லை என்று உறுதி கூறுகிறோம்" என்று ஜோராக எழுதினேன். அத்தனை வீடும் கையெழுத்துப் போட்டது.

இரண்டு நாள் கழித்து மஞ்சத்தண்ணிக்காரர் தனியாக வந்தார். கையில் என் கடிதத்தின் ஜெராக்ஸ். தண்ணீரில் கோளாறில்லை என்று ஆகிவிட்டதால் குழாயைத் தோண்ட மாட்டார்களாம். இல்லாத கோளாறைச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தியதற்காகத் திங்கட்கிழமை முதல் இவர் வேலைக்கு வர வேண்டாமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கத்தியது குழாயைச் சரிசெய்யச் சொல்லி. போனதோ இந்த மனிதரின் பிழைப்பு.

அவர் முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான்.

"எனக்கொண்ணும் புரியலீங்க அம்மணி. நான் பாத்ததும் நெசம். நீங்க பொய் எழுத மாட்டீங்க, அதுவும் நெசம். ரெண்டும் எப்படிங்க ஒண்ணா நெசமா இருக்கும்? ரெண்டு நாளாத் தூக்கமில்லீங்க. சங்கடப்படாம ஒருக்காக் காய்ச்சிக் காட்டறீங்களா?"

இருபது வருஷமாக அடுப்படியில் நிற்பவளிடம் வெந்நீர் வைத்துக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்! வேலை போகிற மனிதராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய போசி நிறையக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் ஏற்றினேன். தளதளவென்று கொதித்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அருமைங்க, இதுல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க" என்றார். குரல் இன்னும் இறங்கிவிட்டது. பாவம், என் வெந்நீரில் ஏதாவது தப்பு இருக்காதா என்றுதான் வந்திருக்கிறார்.

வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுப்போம் என்று தோன்றியது. ஒரு சொம்பில் பாதிக்கு வெந்நீரை ஊற்றினேன். குழாயைத் திறந்து மீதிப் பாதியைப் பிடித்தேன். விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்தாங்க, பதமா இருக்குது" என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. சொம்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடியும் சொம்பைப் பார்த்தார்.

"அம்மணி, இப்ப என்னங்க பண்ணுனீங்க?"

"வெளாவுனேன்."

"எதுக்குங்க?"

"பின்ன? கொதிக்கக் கொதிக்க எப்படிக் குடிக்கறது? குளிக்கறதுக்குச் சுடுதண்ணில பச்சத் தண்ணி ஊத்தி வெளாவறதில்லீங்களா, அந்த மாதிரிதான். பள்ளிக்கொடம் விட்டு வந்ததும் புள்ள தண்ணி கேட்டா..."

சொல்லி முடிக்கவில்லை. என் வாயிலிருந்து வருவது என் காதிலேயே விழுந்துவிட்டது. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டு, அதே கையால் புதுக் கிருமியைச் சொம்பில் பிடித்து ஊற்றி, பதம் பார்த்து என் பெண்ணுக்கு நானே கொடுத்திருக்கிறேன். மூன்று வேளையும்.

மஞ்சத்தண்ணிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. "ரெண்டும் நெசந்தானுங்க! ரெண்டும் நெசந்தானுங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவருமாக வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் இதே கதைதான். சரசக்கா மட்டும் சண்டைக்கு வந்தாள். "ஒரு கரண்டி மோரு ஊத்துனா ஒரு குண்டாப் பாலும் தயிராகுதில்ல? அதாட்டம் காய்ச்சின தண்ணி சேந்தா பச்சத் தண்ணியும் நல்லாயிடாதா?" அவர் ஒரு நிமிஷம் உண்மையிலேயே யோசித்தார். "ஆகாதுங்க அம்மணி. ஆனா கேள்வி நல்ல கேள்விங்க" என்றார்.

இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். இத்தனை வருஷம் எழுதியதில் அந்த இரண்டாவது கடிதம்போல எதுவும் என்னை வேர்க்க வைத்ததில்லை. "நாங்கள் காய்ச்சியது உண்மை. பிறகு அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குடித்ததும் உண்மை. முதல் கடிதத்தை எழுதியவள் நான். தவறு என்னுடையது. சோதித்தவர் சொன்னது சரி." வெட்கத்தில் பேனா நகரவில்லை. வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எஞ்சினியர் இரண்டு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ற ஊட்லயும் இப்படித்தானுங்க பண்ணுவாங்க" என்றார் மெதுவாக.

சனிக்கிழமையே சந்து முனையைத் தோண்டினார்கள். கேபிள் பள்ளம் வெட்டிய இடத்தில் குடிநீர்க் குழாய் விரிசல் விட்டுக் கிடந்தது, ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. குழாயை மாற்றினார்கள். திங்கட்கிழமை முதல் அவர் வர வேண்டாம் என்ற உத்தரவும் ரத்தாயிற்று.

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி, "தப்பு என்னுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாமுங்க அம்மணி. ஆபீஸ்ல நாலு பேரு படிச்சுப்போட்டாங்க. எழுதறவங்க பேரு என்ன ஆகறதுங்க?" என்றார். தன் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தவளின் பெயர் கெட்டுவிட்டதே என்று அவருக்குக் கவலை. இந்த ஆளையா கழன்றுவிட்டது என்று சொன்னோம்!

"உக்காருங்க. தண்ணி குடிச்சுட்டுத்தான் போகோணும்" என்றேன்.

புதிதாகக் கொதிக்க வைத்து, மூடி, இறக்கி வைத்தேன். குழாய்ப் பக்கம் கையே போகவில்லை. ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும், அவருக்கு இன்னும் நாலு தெரு பாக்கி. "நேரமாகுமேங்க" என்றேன். "ஆறட்டுமுங்க அம்மணி, இருந்து குடிச்சுட்டே போறேன்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். போசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடக் கூடாதே என்று நான் நினைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான்.